14 ஆட்டம் ஜெயித்தவர்கள் ஏன் 10 ஜெயித்தவர்கள் மைதானத்துக்குப் போக வேண்டும்? என்.எஃப்.எல். பிளேஆஃப் கணக்கு

ஏரிக்கரை

மினசோட்டாவில் எனக்கு இது மூன்றாவது குளிர்காலம். வந்த புதிதில் அமெரிக்கன் ஃபுட்பால் தலையும் புரியவில்லை காலும் புரியவில்லை, பக்கத்து வீட்டுப் பெரியவர் புண்ணியத்தில் ஆட்டம் இப்போது ஓரளவு பிடிபட்டுவிட்டது. மனிதருக்கு எங்கள் மாநில அணி வைக்கிங்ஸ் என்றால் உயிர். அவர் வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கும். ஒவ்வொரு வாரமும் ஆட்டம் முடிந்ததும் வெற்றி தோல்வியைப் பென்சிலால் குறித்து, மூலையில் உள்ள வட்டத்துக்குள் ஓர் எண்ணை எழுதுவார். ரப்பர் போட்டு அழித்து அழித்து அந்த இடத்தில் தாளே நைந்துபோயிருக்கும்.

2025 ஜனவரி 5, கடைசி வார ஆட்டம், டெட்ராய்ட்டில். வைக்கிங்ஸும் 14-2 (14 வெற்றி, 2 தோல்வி), டெட்ராய்ட் அணியான லயன்ஸும் 14-2. அன்று சாயங்காலமே வட்டத்தை அழித்துவிட்டு எதுவும் எழுதாமல் விட்டிருந்தார். லயன்ஸ் 31-9 என்று நசுக்கிவிட்டது. பெரியவர் ஒன்றும் பேசவில்லை, எழுந்துபோய் வட்டத்துக்குள் 5 என்று எழுதிவிட்டு வந்து உட்கார்ந்தார். ஜெயித்திருந்தால் என்ன எழுதியிருப்பீர்கள் என்று கேட்டேன். 1 என்றார்.

இதுதான் எனக்குப் புரியவே இல்லை. ஜெயித்தால் 1, தோற்றால் நேரே 5. நடுவில் இருக்கிற 2, 3, 4 எங்கே போயின? அடுத்த வாரம் 14-3 என்று முடித்த இந்த அணி 10-7 என்று முடித்த லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் அணியின் விருந்தாளியாகப் போய் ஆடியது, லாஸ் ஏஞ்சலஸில் காட்டுத்தீ என்பதால் ஆட்டத்தை அரிசோனாவுக்கு மாற்றினார்கள், அங்கே 27-9 என்று தோற்று வெளியேறியது. நாலு ஆட்டம் கூடுதலாக ஜெயித்தவன் ஏன் பெட்டி கட்ட வேண்டும்? பெரியவரிடம் கேட்டால் "டிவிஷன்" என்று ஒரே வார்த்தை சொல்லிப் பெருமூச்சு விடுகிறார். யார் உள்ளே வருகிறார்கள், இந்த எண்ணை யார் எப்படிக் கொடுக்கிறார்கள், ஒரே கணக்கில் இரண்டு அணி நின்றால் ஐபிஎல் ரன் ரேட் மாதிரி ஏதாவது உண்டா? தெரிந்தவர்கள் கொஞ்சம் பொறுமையாகச் சொல்லுங்கள்.

நாலாம் டவுன்

முதலில் ஒரே புள்ளிப்பட்டியல் என்ற நினைப்பை ஓரமாக வைத்துவிடுங்கள், குழப்பத்துக்குக் காரணமே அதுதான். ஐபிஎல்லில் பத்து அணிக்கும் ஒரு பட்டியல், மேலே உள்ள நாலு பேர் உள்ளே, முடிந்தது கதை. இங்கே பட்டியல் ஒன்று இல்லை, எட்டு.

என்.எஃப்.எல். என்ற இந்த லீகில் மொத்தம் 32 அணிகள். அதைச் சரிபாதியாக ஏ.எஃப்.சி., என்.எஃப்.சி. என்று இரண்டு கான்ஃபரன்ஸாகப் பிரித்திருக்கிறார்கள். ஒரு காலத்தில் என்.எஃப்.எல்லும் ஏ.எஃப்.எல்லும் போட்டி லீகுகள், 1970-ல் ஒன்றாகச் சேர்ந்தபோது வந்த பிரிவு இது. ஒவ்வொரு கான்ஃபரன்ஸிலும் கிழக்கு, வடக்கு, தெற்கு, மேற்கு என்று நாலு டிவிஷன், டிவிஷனுக்கு நாலு அணி. வைக்கிங்ஸ் இருப்பது என்.எஃப்.சி. வடக்கில், கூடவே லயன்ஸ், பேக்கர்ஸ், பேர்ஸ். பெயரில் திசை இருக்கிறதே என்று வரைபடத்தைப் பார்த்தால் சில இடத்தில் இடிக்கும், டெக்சஸில் இருக்கும் டல்லாஸ் கிழக்கு டிவிஷனில் ஆடுகிறது. நியூயார்க், ஃபிலடெல்ஃபியா, வாஷிங்டனோடு அதற்கு இருக்கும் பழைய பகையைப் பிரிக்க யாருக்கும் மனசு வரவில்லை.

இப்போது உங்கள் எண். அதை சீடு என்பார்கள். ஒவ்வொரு கான்ஃபரன்ஸிலிருந்தும் 7 பேர், ஆக மொத்தம் 14 அணி பிளேஆஃப், அதாவது தோற்றால் வெளியேறும் நாக்-அவுட் சுற்றுக்குப் போகும். நாலு டிவிஷனிலும் முதலிடம் பிடித்த நாலு அணிக்கும் இடம் உறுதி, 1 முதல் 4 வரை சீடு அவர்களுக்கு மட்டும்தான், அவர்களுக்குள் யார் வெற்றி விகிதம் அதிகமோ அவர் 1. மிச்சமுள்ள 12 அணியில் சிறந்த மூன்று வைல்டு கார்டு என்ற பெயரில் உள்ளே வரும், அவர்களுக்கு 5, 6, 7. டிவிஷனை ஜெயிக்காத அணி 16 ஆட்டம் ஜெயித்தாலும் 5-க்கு மேலே ஏற முடியாது. அதனால்தான் பெரியவர் 2, 3, 4 எதையும் யோசிக்கவே இல்லை. லயன்ஸை அன்று வென்றிருந்தால் டிவிஷனும் கையில், 15-2 என்பதால் கான்ஃபரன்ஸிலும் முதலிடம். தோற்றதால் வைல்டு கார்டு வரிசையில் முதல் ஆள், அதாவது 5. வழக்கமான சீசன் ஆட்டம் ஒன்றில் இவ்வளவு பெரிய பந்தயம் வருவது அபூர்வம்.

முதல் வாரத்தில் 2-ம் சீடோடு 7, 3-ஓடு 6, 4-ஓடு 5. சின்ன எண் உள்ளவர் வீட்டில் ஆட்டம். 1-ம் சீடு அந்த வாரம் ஆட வேண்டாம், கால் நீட்டி ஓய்வெடுக்கலாம், அதை பை என்பார்கள். 2019 சீசன் வரை கான்ஃபரன்ஸுக்கு 6 அணி, முதல் இரண்டு சீடுக்கும் பை இருந்தது. 2020-ல் ஏழாவது அணியைச் சேர்த்த பிறகு ஒருவருக்குத்தான். டிசம்பரில் 1-ம் சீடுக்கு இவ்வளவு அடிதடி நடப்பதற்குக் காரணம் இது: ஒரு ஆட்டம் குறைவு, அடிபட்டவர்கள் தேற ஒரு வாரம், அப்புறம் சூப்பர் போல் என்ற இறுதிப் போட்டி வரை எல்லா ஆட்டமும் சொந்த மைதானத்தில்.

இன்னொன்று, டென்னிஸ் மாதிரி முன்கூட்டியே வரைந்த அட்டவணை இங்கே கிடையாது. முதல் வாரம் முடிந்ததும் மிச்சமிருப்பவர்களை மறுபடி வரிசைப்படுத்துவார்கள், 1-ம் சீடுக்கு எஞ்சியவர்களில் கடைசி எண் கிடைக்கும். உங்கள் வைக்கிங்ஸ் வெளியேறிய அதே வாரம் என்.எஃப்.சி.யில் 2-ம் சீடு ஈகிள்ஸ், 4-ம் சீடு ராம்ஸ், 6-ம் சீடு வாஷிங்டன் ஜெயித்தன. ஆகவே லயன்ஸுக்கு வாஷிங்டன், ஈகிள்ஸுக்கு ராம்ஸ். ஓய்வெடுத்து வந்த லயன்ஸ் சொந்த மண்ணில் 45-31 என்று வாஷிங்டனிடம் தோற்றது என்பது வேறு சோகம். சூப்பர் போலுக்கு மட்டும் இந்தக் கணக்கு எதுவும் கிடையாது, எந்த ஊர் என்பது பல வருஷம் முன்பே முடிவாகிவிடும்.

ஏரிக்கரை

பெரியவரின் பெருமூச்சுக்கு இப்போதுதான் அர்த்தம் புரிகிறது, நன்றி. சமநிலை விஷயம் மட்டும் பாக்கி. 17 ஆட்டம்தான் ஆடுகிறார்கள் என்றால் ஒரே கணக்கில் இரண்டு மூன்று அணி நிற்பது அடிக்கடி வருமே?

கணக்குப்பிள்ளை

வருஷா வருஷம் வரும். ஆனால் ரன் ரேட் மாதிரி "எத்தனை புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தாய்" என்பது இங்கே வரிசையின் அடியில், அநேகமாகக் கை வைக்கத் தேவையே இல்லாத இடத்தில் கிடக்கிறது. ஒரு ஆட்டத்தை 50 புள்ளியில் ஜெயித்தாலும் 1 புள்ளியில் ஜெயித்தாலும் அது ஒரு வெற்றி. யாரை ஜெயித்தாய் என்பதைத்தான் முதலில் பார்ப்பார்கள்.

ஒரே டிவிஷனில் இருவர் சமம் என்றால் முதலில் அவர்கள் இருவரும் மோதிய ஆட்டங்கள், அது 1-1 என்றால் டிவிஷனுக்குள் ஆடிய ஆறு ஆட்டத்தில் யார் மேல், அதிலும் சமம் என்றால் இருவருக்கும் பொதுவான எதிரணிகளோடு எப்படி ஆடினார்கள், அப்புறம் கான்ஃபரன்ஸ் ஆட்டங்களின் கணக்கு. அதற்கும் மேலே போனால் வெற்றியின் பலம் என்று ஒன்று, அதாவது நீங்கள் தோற்கடித்த அணிகள் எல்லாம் சேர்ந்து அந்த வருஷம் எத்தனை சதவீதம் ஜெயித்தன என்பது. அதன் பிறகு மொத்த எதிரணிகளின் பலம், புள்ளித் தரவரிசை என்று நீண்டு கடைசியில் நாணயம் சுண்டுவது வரை போகும். வைல்டு கார்டுக்கு வேறு வேறு டிவிஷன் அணிகள் சமம் என்றால் டிவிஷன் கணக்குக்கு அர்த்தமில்லை, அதனால் நேரடி மோதல் முடிந்ததும் நேரே கான்ஃபரன்ஸ் கணக்கு. ஒரே டிவிஷனிலிருந்து இரண்டு பேர் அந்தக் கும்பலில் நின்றால் முதலில் அவர்களுக்குள் தீர்த்து ஒருவரை மட்டும்தான் மேடையேற்றுவார்கள். மூன்று பேர் சமமாக இருந்து ஒருவர் கழன்றுகொண்டால் மிச்ச இருவருக்கு மறுபடி முதல் படியிலிருந்து ஆரம்பம், பாதியில் தொடர்வதில்லை. இதை மறந்துவிட்டுத்தான் பலர் தப்பாகக் கணக்குப் போடுகிறார்கள்.

வறட்டு விதியாகத் தெரிகிறதா, 2008-ஐப் பாருங்கள், அப்போது சீசனுக்கு 16 ஆட்டம்தான். நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸ் முதல் ஆட்டத்திலேயே தன் நட்சத்திர ஆட்டக்காரர் டாம் பிரேடியைக் காயத்தில் இழந்தது. மாற்று ஆட்டக்காரர் மேட் காசலை வைத்துக்கொண்டு 11-5 வரை இழுத்துக்கொண்டு வந்தார்கள், அது சாதாரணக் காரியம் இல்லை. மயாமி டால்ஃபின்ஸும் அதே 11-5. நேரடி மோதலில் ஆளுக்கு ஒன்று, டிவிஷனுக்குள் இருவரும் 4-2. கடைசியில் கான்ஃபரன்ஸ் கணக்கில் மயாமி 8-4, நியூ இங்கிலாந்து 7-5, டிவிஷன் மயாமிக்குப் போனது. சரி, வைல்டு கார்டாவது கிடைக்கும் என்று பார்த்தால் அங்கே பால்டிமோர் ரேவன்ஸும் 11-5, அதுவும் 8-4. பேட்ரியாட்ஸ் வெளியே.

எனக்கு இன்னமும் மனசு ஆறாத இடம் எது தெரியுமா? பேட்ரியாட்ஸ் அந்த வருஷம் எதிர் கான்ஃபரன்ஸ் அணிகளோடு ஆடிய நாலு ஆட்டத்தையும் ஜெயித்தது. மயாமி அதில் ஒன்றைத் தோற்றது, அதுவும் அரிசோனா கார்டினல்ஸிடம். மொத்த வெற்றி சமம் என்னும்போது வெளியே கூடுதலாக ஜெயித்தவன் உள்ளே ஒன்று குறைவாகத்தானே ஜெயித்திருக்க வேண்டும்? அந்த நாலாவது வெற்றியே அவர்களுக்கு வினையாகப் போயிற்று. இதே கார்டினல்ஸை டிசம்பர் 21 அன்று ஃபாக்ஸ்பரோவில் கொட்டுகிற பனியில் பேட்ரியாட்ஸ் 47-7 என்று துவைத்து எடுத்தது, மைதானத்தில் கோடே தெரியவில்லை, அரிசோனா வெயிலில் ஆடிப் பழகியவர்கள் நின்ற இடத்திலேயே உறைந்துபோனார்கள். ஆனால் என்.எஃப்.சி. மேற்கு டிவிஷனை 9-7 என்று ஜெயித்தது அந்த கார்டினல்ஸ், 4-ம் சீடாக உள்ளே போய் சூப்பர் போல் வரை ஏறி ஸ்டீலர்ஸிடம் 27-23 என்று நூலிழையில் தோற்றது. 47-7 என்று ஜெயித்தவர்கள் அதை வீட்டில் உட்கார்ந்து தொலைக்காட்சியில் பார்த்தார்கள்.

வெற்றியின் பலம் எப்போது வரும் என்றால், 2010. பேக்கர்ஸ், ஜயன்ட்ஸ், பக்கனியர்ஸ் மூன்றும் 10-6, இடம் ஒன்றுதான். பேக்கர்ஸும் பக்கனியர்ஸும் அந்த வருஷம் மோதவே இல்லை என்பதால் நேரடி மோதல் எடுபடவில்லை, கான்ஃபரன்ஸ் கணக்கில் மூவரும் 8-4. பேக்கர்ஸ் வீழ்த்திய அணிகள் மற்ற இருவர் வீழ்த்தியவற்றைவிட வலுவானவை, அதனால் 6-ம் சீடு அவர்களுக்கு. ஃபிலடெல்ஃபியா, அட்லாண்டா, சிகாகோ என்று மூன்று ஊரிலும் வெளியூர்க்காரனாகப் போய் ஜெயித்து, சூப்பர் போலில் ஸ்டீலர்ஸை 31-25 என்று வென்று கோப்பையோடு வந்தார்கள்.

ஊதாச் சட்டை

நானும் வைக்கிங்ஸ் ரசிகன், ஏரிக்கரை நண்பரின் பெரியவர் விட்ட பெருமூச்சை நானும் விட்டேன். விதி புரிகிறது, ஆனால் நியாயமாகப் படவில்லை. டிவிஷனை ஜெயித்தவனுக்கு இடம் கொடுங்கள், அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. சொந்த மைதானத்தையும் ஏன் தூக்கிக் கொடுக்க வேண்டும்? மேலே சொன்ன அதே 2008-ல் சான் டியேகோ சார்ஜர்ஸ் 8-8 எடுத்து டிவிஷனை ஜெயித்தது, 12-4 எடுத்த கோல்ட்ஸ் அணி பெட்டியைத் தூக்கிக்கொண்டு சான் டியேகோ போய்க் கூடுதல் நேரத்தில் 23-17 என்று தோற்றது. 2014-ல் கரோலினா பாந்தர்ஸ் 7-8-1, பாதிகூட ஜெயிக்கவில்லை, 11-5 எடுத்த அரிசோனாவைத் தன் வீட்டுக்கு வரவழைத்து வென்றது.

இதை நான் மட்டும் சொல்லவில்லை. 2025 வசந்தத்தில் லயன்ஸ் நிர்வாகமே விதியை மாற்றச் சொல்லி எழுதிக் கொடுத்தது: டிவிஷன் ஜெயித்தவர்கள் உள்ளே வரட்டும், ஆனால் வைல்டு கார்டு அணி அவர்களைவிட அதிகம் ஜெயித்திருந்தால் அதற்கு மேல் சீடு கொடுங்கள் என்று. அந்த வருஷம் டிவிஷனை ஜெயித்து 1-ம் சீடு எடுத்தவர்கள் அவர்கள், இருந்தும் கேட்டார்கள், அதற்காக எனக்கு அவர்கள்மேல் மரியாதை. மற்ற அணிகளின் ஆதரவு போதவில்லை, மே மாதம் கோரிக்கையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். அது நிறைவேறியிருந்து, 2024 கணக்குக்குப் போட்டுப் பார்த்தால் வைக்கிங்ஸ் முதல் ஆட்டத்தை மினியாபொலிஸில் ஆடியிருக்கும்.

சியாட்டில்வாசி

பாதிகூட ஜெயிக்காத அணி என்றதும் எங்கள் ஊரைச் சொல்லாமல் போனால் எப்படி. 2010 சீஹாக்ஸ், 7-9 என்று தோல்வி அதிகம் வைத்துக்கொண்டு டிவிஷனை ஜெயித்தது. 2011 ஜனவரி 8, முந்தைய வருஷச் சாம்பியன் நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ், 11-5 எடுத்தவர்கள், சியாட்டிலுக்கு வருகிறார்கள். நாடு முழுக்க எங்களை வெட்கம் கெட்டவர்கள் மாதிரி எழுதினார்கள். நாலாவது கால்பகுதி, நாங்கள் 34-30 என்று முன்னால், மார்ஷான் லிஞ்ச் கையில் பந்து. அவர் 67 கெஜம் ஓடினார். ஓடினார் என்று சொல்வதே சரியில்லை, ஒருவர் பின் ஒருவராக வந்து விழுகிறார்கள், அவர் உதறி உதறிப் போய்க்கொண்டே இருக்கிறார், வழியில் டிரேசி போர்ட்டர் என்ற தடுப்பாளரை ஒரே கையால் தள்ளிவிட்டது இன்னும் கண்ணில் நிற்கிறது. அரங்கம் குதித்த குதியில் பக்கத்தில் இருந்த நில அதிர்வுக் கருவியில் கோடு விழுந்தது. 41-36.

ஊதாச் சட்டை நண்பரே, உங்கள் வலி உண்மைதான். ஆனால் அந்த ஆட்டம் நியூ ஆர்லியன்ஸில் நடந்திருந்தால் அப்படி ஒரு சாயங்காலம் எங்களுக்குக் கிடைத்திருக்காது. 16 ஆட்டமும் ஆடி, பக்கத்து மூன்று அணியையும் தாண்டி வந்தவனுக்கு ஒரே ஒரு வீட்டு ஆட்டம். அதைப் பறிக்காதீர்கள்.

நாலாம் டவுன்

உணர்ச்சியை ஒதுக்கிவிட்டு அட்டவணையைப் பார்த்தாலும் பழைய விதிக்கு ஒரு நியாயம் இருக்கிறது. ஒரு அணி ஆடும் 17 ஆட்டத்தில் 6 தன் டிவிஷனுக்குள், ஒவ்வொருவரோடும் இரண்டு. தன் கான்ஃபரன்ஸில் வேறொரு டிவிஷனின் நாலு பேரோடும் 4, எதிர் கான்ஃபரன்ஸில் ஒரு டிவிஷனோடு 4. மிச்ச 3 மட்டும்தான் போன வருஷம் எந்த இடத்தில் முடித்தாய் என்பதைப் பொறுத்து மாறும். அதாவது ஒரே டிவிஷன் அணிகளுக்கு 17-ல் 14 ஆட்டம் ஒரே மாதிரி. அவர்களுக்குள் ஒப்பிடுவது நியாயம். வேறு வேறு டிவிஷன் அணிகளின் அட்டவணை பெரிதும் வேறுபடும், ஒருவரின் 14-3-ஐயும் இன்னொருவரின் 10-7-ஐயும் ஒரே தராசில் வைத்தால் முள் சரியாக நிற்காது.

வைக்கிங்ஸ் விஷயத்தில் இன்னொன்றும் உண்டு. அந்த மூன்று தோல்வியும் யாரிடம்? இரண்டு லயன்ஸிடம், ஒன்று அதே ராம்ஸிடம், அக்டோபரில் லாஸ் ஏஞ்சலஸில் 30-20. டிவிஷனைக் கைப்பற்ற யாரை வெல்ல வேண்டுமோ அவரை ஒருமுறைகூட வெல்லவில்லை. முதல் மோதலில் 31-29, வெறும் இரண்டு புள்ளி, அதில் ஜெயித்திருந்தால் கடைசி வாரம் வருவதற்கு முன்பே டிவிஷன் அவர்கள் பக்கம் சாய்ந்திருக்கும்.

ஊதாச் சட்டை

அதை ஒப்புக்கொள்கிறேன். அந்த 31-29 இன்னும் தொண்டையில் நிற்கிறது. ஆனாலும் விதி மாற வேண்டும் என்பதில் நான் மாறவில்லை.

பழைய டைரி

இளையவர்களுக்கு ஒரு தகவல். வெற்றிக் கணக்கு பார்த்து சொந்த மைதானம் கொடுக்கும் வழக்கமே 1975-ல்தான் வந்தது. அதற்கு முன் எந்த டிவிஷன் சாம்பியன் வீட்டில் ஆட்டம் என்பதை வருஷத்துக்கு வருஷம் சுழற்சி முறையில் வைத்திருந்தார்கள். 1972-ல் மயாமி டால்ஃபின்ஸ் 14 ஆட்டத்தையும் ஜெயித்தது, ஒரு தோல்விகூட இல்லை. அப்படியும் ஏ.எஃப்.சி. இறுதி ஆட்டத்துக்கு அவர்கள்தான் பிட்ஸ்பர்க் போக வேண்டியிருந்தது. டிசம்பர் 31, ஸ்டீலர்ஸ் மைதானத்தில் 21-17 என்று ஜெயித்து, அப்புறம் சூப்பர் போலையும் ஜெயித்து 17-0 என்று முடித்தார்கள். ஆகவே இந்த விதிகள் கல்வெட்டு இல்லை. 1970-ல் கான்ஃபரன்ஸுக்கு ஒரே ஒரு வைல்டு கார்டுதான், 1978-ல் இரண்டு, 1990-ல் மூன்று. ஹூஸ்டன் டெக்சன்ஸ் சேர்ந்த 2002-ல் டிவிஷன் ஆறிலிருந்து எட்டானபோது வைல்டு கார்டு இரண்டாகக் குறைந்தது, 2020-ல் திரும்ப மூன்று. இன்று இல்லாவிட்டாலும் ஊதாச் சட்டை கேட்பது ஒருநாள் நடக்கலாம்.

ஏரிக்கரை

கடைசியாக ஒன்று. மேலே கரோலினா 7-8-1 என்று யாரோ எழுதியிருந்தீர்கள். அந்த 1 டிராவா? அதை எப்படிச் சேர்க்கிறார்கள்?

கணக்குப்பிள்ளை

ஆமாம், டிரா. அரை வெற்றி, அரை தோல்வி என்று எடுத்துக்கொண்டு சதவீதம் போடுவார்கள். அபூர்வமாகத்தான் வரும், ஆனால் வந்தால் மொத்த வரிசையும் கலைந்துவிடும். வராமலே ஒரு டிரா ஊரையே ஆட்டிவைத்த ராத்திரி ஒன்று உண்டு, சொல்கிறேன்.

2022 ஜனவரி 9, சீசனின் கடைசி நாள். இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸ் ஜெயித்தால் போதும், உள்ளே. எதிரில் இரண்டே வெற்றி எடுத்திருந்த ஜாக்சன்வில் ஜாகுவார்ஸ். ஜாகுவார்ஸ் 26-11 என்று ஜெயித்தது, நம்பவே முடியவில்லை. ஸ்டீலர்ஸ் கூடுதல் நேரத்தில் பால்டிமோரை 16-13 என்று வென்று 9-7-1 ஆனது. இப்போது மிச்சம் ராத்திரி ஆட்டம் ஒன்றுதான், லாஸ் வேகஸில் ரெய்டர்ஸும் சார்ஜர்ஸும், இருவரும் 9-7. யார் ஜெயித்தாலும் ஜெயித்தவரும் ஸ்டீலர்ஸும் உள்ளே. டிராவில் முடிந்தால் ஆடிய இருவருமே உள்ளே, ஸ்டீலர்ஸ் வெளியே. ஆட்டத்துக்கு முன்பே இணையம் முழுக்க ஒரே பேச்சு, இரண்டு பேரும் சும்மா மண்டியிட்டுக் கடிகாரத்தை ஓடவிட்டால் போதுமே என்று.

அப்படி யாரும் செய்யவில்லை, உயிரைக் கொடுத்து ஆடினார்கள். நாலாவது கால்பகுதியில் சார்ஜர்ஸ் 29-14 என்று பின்தங்கி இருந்து, ஜஸ்டின் ஹெர்பர்ட் கடிகாரம் பூஜ்யத்தைத் தொடும்போது டச்டவுன் எறிந்து 29-29 ஆக்கினார். கூடுதல் நேரத்தில் ஆளுக்கொரு ஃபீல்டு கோல் (பந்தை உதைத்து எடுக்கும் மூன்று புள்ளி), 32-32. பந்து ரெய்டர்ஸிடம், 38 வினாடி இருக்கும்போது மூன்றாவது டவுன், அதாவது மூன்றாவது முயற்சி, நாலு கெஜம் வேண்டும். அந்த இடத்தில் சார்ஜர்ஸ் பயிற்சியாளர் பிராண்டன் ஸ்டேலி டைம் அவுட் கேட்டுக் கடிகாரத்தை நிறுத்தினார். அந்த முயற்சியில் ரெய்டர்ஸின் ஜோஷ் ஜேக்கப்ஸ் பந்தை எடுத்து 10 கெஜம் உள்ளே புகுந்துவிட்டார். கடிகாரத்தை இரண்டு வினாடி வரை ஓடவிட்டு நிறுத்தி, டேனியல் கார்ல்சன் 47 கெஜத்திலிருந்து உதைத்தார், உள்ளே போனது, 35-32. ரெய்டர்ஸ் 5-ம் சீடு, ஸ்டீலர்ஸ் 7. சார்ஜர்ஸுக்கு ஒன்றும் இல்லை. டைம் அவுட் கேட்காமல் விட்டிருந்தால் ரெய்டர்ஸ் அப்படியே டிராவுக்கு விட்டிருக்குமா என்று ரசிகர்கள் இன்றைக்கும் சண்டை போடுகிறார்கள். விட்டிருக்காது என்பது என் கட்சி, டிரா ஆனால் முதல் ஆட்டமே அந்த வருஷம் தங்களை இரண்டு முறை நொறுக்கிய கன்சாஸ் சிட்டியோடு, ஜெயித்தால் சின்சினாட்டியோடு என்பது அவர்களுக்குத் தெரியும். சீடு எண் ஒவ்வொன்றுக்கும் இவ்வளவு விலை இருக்கிறது.

ஏரிக்கரை, பெரியவரின் தாளில் இனிமேல் மொத்தக் கணக்குக்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு பத்தி போடச் சொல்லுங்கள்: டிவிஷன் கணக்கு ஒன்று, என்.எஃப்.சி. கணக்கு ஒன்று. நவம்பரில் ஏ.எஃப்.சி. அணி ஏதாவதிடம் தோற்றால் அவர் கொஞ்சம் குறைவாகக் கவலைப்படலாம். பேக்கர்ஸிடம் தோற்றால் மூன்று பத்தியிலும் ரப்பர் வேண்டியிருக்கும்.

ஏரிக்கரை

இப்போதுதான் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். கேட்டுவிட்டு உள்ளே போய் ஒரு பழைய நோட்டை எடுத்துவந்து காட்டினார். 1998-லிருந்து அந்த மூன்று பத்தியும் எழுதி வைத்திருக்கிறார். ஃபிரிட்ஜில் ஒட்டுவது வீட்டுக்காரம்மா பார்ப்பதற்காக மட்டுமாம்.